குரல் பார்க்கும் வரிசை

எனக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். எட்டுப் பேரும் அந்த அறைக்குள் போய்ப் பேசிவிட்டால் ஒன்பதாவது நான். ஐந்து ஐந்து பேராக உள்ளே விடப் போகிறார்களாம், முதல் ஐந்து பேருக்கே இன்னும் கதவு திறக்கவில்லை, அதனால் எனக்கு நேரம் இருக்கிறது. நேரம் இருப்பது நல்லதா கெட்டதா என்றுதான் தெரியவில்லை. முதல் ஆளாக நின்றிருந்தால் என்ன ஆகுமோ அது ஆகி முடிந்திருக்கும். காலை டீ முடிந்து டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் சூப்பர்வைசர் தயாளன் வந்தார், மூன்றாம் லைன் பொம்பளைகள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு ஆபீஸ் வராந்தாவுக்கு வரணும் என்றார். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாட்டில் பேசுகிற பொம்பளை யார் என்று பார்க்கப் போகிறார்கள். ஒவ்வொருத்தியாகப் பேசவைத்துக் கேட்டு, குரலை ஒத்துப்பார்த்து, இவள்தான் என்று பிடிக்கப் போகிறார்கள். அந்தப் பொம்பளை நான்தான். இது எனக்குத் தெரியும், என் மகளுக்குத் தெரியும், இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் இந்தப் பதினெட்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு நாளாக நான் இந்த ஷூ கம்பெனிக்குள் சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று முதலில் சொன்னேன், அப்புறம் பல்வலி என்றேன், அப்புறம் யாரும் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன், கையைக் காட்டினேன். நூல் வேண்டும் என்றால் காலி நூல்கண்டைத் தூக்கிக் காட்டினேன். ஒன்பது வருஷம் வாய் ஓயாமல் புலம்பினவள் பதினெட்டு நாளாக ஊமையாகிவிட்டாள், அதை ஒருத்தியும் யோசிக்கவில்லையே, நான் பேசினாலும் பேசாவிட்டாலும் யாருக்கும் ஒன்றுமில்லையா என்று நடுநடுவே அதற்கும் ஒரு வருத்தம் வருகிறது. பயத்துக்கு நடுவில் இந்த வருத்தம் எங்கே இருந்து வருகிறது என்று தெரியவில்லை. கையெல்லாம் சொல்யூஷன் வாடை. தோலை ஒட்டுகிற பசை விரல் நுனியில் காய்ந்து உரிகிறது. உரித்துக்கொண்டே நிற்கிறேன்.

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது கம்பெனி பஸ்ஸில். பேரணாம்பட்டு ரோட்டில் பஸ் திரும்பும்போது பின் சீட்டுப் பெண்கள் போனில் வைத்தார்கள். முதலில் விசில். குக்கர் விசில். முழுசாகக் கத்தாமல் பாதியில் இழுத்து, ஆஸ்துமாக்காரி மாதிரி மூச்சு வாங்கி, திரும்பவும் கத்துகிற விசில். அதையே திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டித் தாளமாகப் போட்டிருந்தார்கள். இது நம் வீட்டுக் குக்கர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன், கேஸ்கட் மாற்றணும் என்று நினைத்தேன், கேஸை நிறுத்தினேனா என்று ஒரு நினைப்பு வந்து நெஞ்சு அடித்தது. அப்புறம் ஒரு பொம்பளை பேசினாள். பாடவில்லை, பேசினாள். டாக்டரு சொல்றாரு குடி குடி, சூப்ரவைசர் சொல்றாரு முடி முடி. முப்பத்தாறு பொம்பளைங்க, ஒரே ஒரு அட்டை. நீலக் கவுறு நம்ம கைக்கு வர்றதுக்குள்ள நெஞ்சுக்குழி வரைக்கும் முட்டிகினு நிக்குது. என் மூத்திரம்கூட என்னுது இல்லியா? அந்தக் கடைசி வரியை மட்டும் நாலு தடவை போட்டார்கள், நாலாவது தடவை மேளம் நின்று வெறும் குரல் மட்டும் கேட்டது. பஸ் முழுக்க ஓவென்று சிரிப்பு. யார் வீட்டுப் பொம்பளையோ, இப்படியா நாலு பேருக்கு நடுவில் அந்த வார்த்தையைச் சொல்வாள், வீட்டில் இருக்கிறவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்களா என்று அவளுக்காக எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம்தான் ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டே யம்மா என்று கூப்பிடுகிற சத்தம். அது அபிநயா. என் மகள். என் குரல் வெளியிலிருந்து கேட்டால் அப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. உள்ளே இருந்து கேட்கும்போது அது மெல்லிசாக இருக்கிறது. வெளியே அது தகரத்தை இழுத்த மாதிரி இருக்கிறது, யாருக்கும் பயப்படாதவள் பேசுகிற மாதிரி.

வீட்டுக்குப் போய் அபிநயாவை உலுக்கினேன். ஏன்டி இப்படிச் செய்தாய், யாரைக் கேட்டுச் செய்தாய் என்றேன். அவள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், ராப் பாடுகிறேன் என்று நாலு பெண்கள் சேர்ந்து சுற்றுகிறார்கள், அது எனக்குத் தெரியும். கத்திரி என்று தனக்கு ஒரு பேர் வைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா அம்மா வைத்த பேர் இருக்க எதற்கு இன்னொரு பேர் என்று கேட்டதற்கு, அதுல அப்படித்தான்மா, அவங்கவங்க பேரை அவங்கவங்கதான் வெச்சுக்கணும் என்றாள். என்றைக்கோ ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டே புலம்பினேனாம். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போய்வந்த நாள். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடி என்று டாக்டர் திட்டினார். தண்ணீர் குடித்தால் போகணும், போகணும் என்றால் அட்டை வேண்டும். லைனுக்கு ஒரு அட்டை. முதல் லைனுக்குச் சிவப்புக் கயிறு, இரண்டாவதுக்கு மஞ்சள், எங்களுக்கு நீலம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போகலாம், ஒருத்தி திரும்பி வந்து கழற்றிக் கொடுத்தால்தான் இன்னொருத்தி. இதைத்தான் புலம்பியிருக்கிறேன். வீட்டில் யாரிடம் புலம்புவது, குக்கரிடமும் பூண்டிடமும்தான். அபிநயா துணிக்கடியில் போனை வைத்துப் பிடித்துவிட்டாள். பயப்படாதம்மா, உன் பேர் போடல, முகம் காட்டல, படத்துல வெறும் காலு மட்டுந்தான், தேஞ்ச செருப்பு போட்ட காலு வரிசையா என்றாள். அதோடு நிறுத்தினாளா. யம்மா, நீ பேசுறதே தாளத்துலதான் பேசுற, நாங்க நாலு பேரு ஆறு மாசமா உட்கார்ந்து எழுதுனாலும் இப்படி வராது என்றாள். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. அடிக்கக் கை ஓங்கினவள் கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தலையில் ஒட்டியிருந்த பூண்டுத்தோலை எடுத்தேன். எடுத்துவிடு அந்தப் பாட்டை என்றேன். எடுத்துட்டாலும் ஒண்ணுமில்லம்மா, ஆயிரம் பேர் போன்ல இருக்கு என்றாள். ஆயிரம் பேர். அப்போதே அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று அவளுக்கும் தெரியாது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், மூன்றாம் நாளே ஆட்டோவில் அதைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். யாரோ ஒரு பொம்பள, இன்னா போடு போடுது பாரு என்று என்னிடமே சொன்னார். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவர். நான் சோறு போட்டேன்.

கதவு திறந்தது. முதல் ஐந்து பேர் உள்ளே போகிறார்கள். அப்படியென்றால் எனக்கு முன்னால் மூன்று பேர்தான். அடுத்த ஐந்தில் நாலாவது நான், ஐந்தாவது எனக்குப் பின்னால் நிற்கிற ரெஜினா. இவள் ஏன் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். முப்பத்தாறு பேரில் இவளிடமிருந்துதான் நான் தள்ளியே இருப்பேன். ஒன்பது வருஷமாக என் எதிர் மெஷின். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். தயாளன் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள், மேனேஜர் இருமுகிற மாதிரி இருமிக் காட்டுவாள். என் மகள் தொளதொள பனியன் போட்டுக்கொண்டு ஒருநாள் என்னைக் கூப்பிட வந்ததைப் பார்த்துவிட்டு, சுலோச்சனா, உம் மருமவன் வந்துக்கிறாரு பாரு என்று கேட்டில் நின்று கத்தினாள். அன்றிலிருந்து இவளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். பாட்டு வந்ததிலிருந்து இவள்தான் நடமாடும் ரேடியோ. மெஷினில் உட்காரும்போது ஒரு தடவை, எழும்போது ஒரு தடவை, என் மூத்திரம்கூட என்னுது இல்லியா. எல்லாரும் சிரிப்பார்கள், நான் தைத்துக்கொண்டே இருப்பேன். யக்கா, அந்தப் பொம்பளைக்குத் தங்கமான வாயி, கெடைச்சா முத்தம் குடுப்பேன் என்று ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்து ஏன் சொன்னாள். எதிரில் இருக்கிறேன், அதனால் சொல்லியிருப்பாள். வேறொன்றும் இருக்காது. இப்போது என் முதுகுக்குப் பின்னால் இவள் மூச்சு படுகிறது, வெற்றிலை வாசனை அடிக்கிறது. இன்னாக்கா வேர்க்குது உனக்கு என்கிறாள். நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன். பல்வலி என்று கன்னத்தைக் காட்டுகிறேன். இன்னுமா போகல அந்தப் பல்லு, புடுங்கிப் போடு என்கிறாள்.

பாட்டு பாட்டோடு போயிருந்தால் இந்த வராந்தாவே இல்லை. ஒரு வாரம் கழித்து மெஷின்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வர ஆரம்பித்தது. அதுதான் எனக்கு முதல் பயம். அதற்கு முன்னால் லைனில் பாட்டில் வைத்தவர்கள் இரண்டு மூன்று பேர், அதுவும் வாயை நனைக்க மட்டும். இப்போது ஒருத்தி ஒரு லிட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து மெஷின் மேல் நங்கென்று வைத்தாள், மறுநாள் ஏழு பேர், அதற்கு மறுநாள் எண்ணவில்லை. எல்லாரும் குடிக்கிறார்கள். தயாளனைப் பார்த்துக்கொண்டே மடக்மடக்கென்று குடிக்கிறார்கள். அட்டை ஓயாமல் சுற்றுகிறது. வெண்மதி என்று ஒரு சின்னப் பெண், சேர்ந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, அட்டை வரட்டும் என்று உட்காராமல் எழுந்து போய்விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். தயாளன் எங்கே போனாய் என்றார். என்னுதுதானே சார் என்றாள். லைனே சிரித்தது. நான் ஊசியை விரல் பக்கம் ஓட்டிவிட்டேன். நான் சொன்ன ஒரு வார்த்தை என் வாயிலிருந்து கழன்று போய், எனக்கு முன்பின் தெரியாத தைரியத்தோடு ஊர் சுற்றுகிறது, அதற்கு நான் பொறுப்பு, அது எங்கே போய் என்ன செய்தாலும் நான் பொறுப்பு. பக்கத்து ஊர் கம்பெனியில் அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள் என்று பஸ்ஸில் சொன்னார்கள். டீக்கடைப் பையன்கள் பாடுகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அப்புறம் வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள் என்றும், யாரோ இந்தப் பாட்டை அவர்களுக்கே அனுப்பிவிட்டார்கள் என்றும், நீலக் கயிறு எந்தக் கம்பெனியில் என்று அவர்கள் கேட்டார்கள் என்றும் சேதி வந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அபிநயாவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அவள் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டுவாள்.

அவர்கள் பாடுகிற இடத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மழை பெய்த ஒரு சாயங்காலம், குடை கொண்டுபோனேன். டியூஷன் சென்டர் மாடி. வட்டமாக நின்று கை தட்டுகிறார்கள், நடுவில் அபிநயாவும் இன்னொரு பெண்ணும். அபிநயா அந்தப் பெண்ணின் மூஞ்சிக்கு நேராக விரலை நீட்டி, உன் பல்லு இப்படி, உன் பாட்டு இப்படி, உன்னைப் பெத்தவ உன்னை எதுக்குப் பெத்தா என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். அந்தப் பெண் அசையாமல் கேட்டுவிட்டு, அதைவிடக் கேவலமாகத் திருப்பிக் கொடுக்கிறாள். நான் வாசலில் குடையோடு நடுங்கிப்போய் நிற்கிறேன். எங்கள் தெருவில் இதில் கால்வாசி பேசினாலே மண்டை உடையும். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ஒரே போண்டாவைப் பிய்த்துத் தின்றார்கள். சண்டை இல்லம்மா, அது போட்டி, யாரு நல்லா திட்டுறாங்களோ அவங்களுக்குத்தான் எல்லாரும் கை தட்டணும், திட்டு வாங்குனவளும் தட்டணும் என்று அபிநயா சொல்லிக்கொடுத்தாள். இவர்கள் ஒரு சொல்லை வெளியே விட்டால் அது திரும்பி வந்து அடிக்கும் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. என் அண்ணன் தோல் பதனிடுகிற கம்பெனியில் வேலை பார்த்தான். கையுறை கேட்டான். பெரிதாக ஒன்றும் இல்லை, கை வேகுது, கையுறை குடுங்க என்று நாலு பேர் முன்னால் கொஞ்சம் சத்தமாகக் கேட்டான். நானே வேலையை விடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதற்கு அப்புறம் இந்தப் பாலாற்றங்கரையில் எந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனாலும் பேரைக் கேட்பார்கள், உள்ளே போய் வருவார்கள், ஆள் வேண்டாம் என்பார்கள். பேர் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போனில் போய்விடும். பதினோரு வருஷமாக பெங்களூரில் கல்லும் சிமென்ட்டும் தூக்குகிறான். பொங்கலுக்கு வந்தால் யாரோடும் பேச மாட்டான். இந்த அறைக்குள்ளும் என்ன எழுதி வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். பேப்பர் தயாராக இருக்கும். கையெழுத்து மட்டும்தான் போட வேண்டும். நாற்பத்தாறு வயதில் நான் எந்தக் கேட்டில் போய் நிற்பேன். என் பேர் தெரிந்தால் மகள் பேரும் தெரிந்துவிடும். கத்திரியாம் கத்திரி. அவளைக் காலேஜில் வைத்துக்கொள்வார்களா. யாராவது வழியில் நிறுத்துவார்களா. அவள் வீட்டுக்கு வருகிற ரோட்டில் ஏழு மணிக்கு மேல் விளக்கு இல்லை.

கதவு திறந்து முதல் ஐந்து பேரும் வெளியே வருகிறார்கள். ஐந்து பேரும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். பிடிபடவில்லை. தயாளன் அவர்களை எங்களோடு பேசவிடாமல் பின்வழியாக அனுப்புகிறார். அடுத்த ஐந்து என்கிறார். கால் நகர்ந்தது, நான் நகர்த்தவில்லை. உள்ளே ஏசி. வேர்வை முதுகில் ஐஸாக ஒட்டியது. மேஜைக்குப் பின்னால் ஆபீஸ் மேடம், வந்து மூன்று மாசம்தான், சென்னைப் பெண், அபிநயாவைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். மேஜை மேல் ஒரு போன். ஒரு வெள்ளைப் பேப்பர். சுவர் ஓரமாக ஒரு பெஞ்ச். பேசி முடித்தவர்கள் பெஞ்சில் உட்கார வேண்டும், ஐந்து பேரும் முடிந்த பிறகுதான் வெளியே போகலாம். பயப்படாதீங்க, சும்மா ஒரு வரி படிச்சாப் போதும் என்று மேடம் சொன்னாள். நல்ல மாதிரிதான் சொன்னாள். அவளுக்கும் கழுத்தில் வேர்த்திருந்தது. முதலாவது ஆள் படித்தாள். இரண்டாவது வெண்மதி, அவள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் படிக்கிற மாதிரி கையை ஆட்டிப் படித்தாள். மூன்றாவது ஆளுக்குச் சிரிப்பில் புரையேறி, மேடமே தண்ணீர் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் தயாளன் போனைத் தட்டுவார், என் குரல் ஒரு வரி பேசும், மறுபடி தட்டுவார், நிற்கும். இந்த அறைக்குள் நான் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் மூன்று தடவை பேசிவிட்டேன். சுலோச்சனா என்று கூப்பிட்டார்கள்.

பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். நான் ஆறாம் வகுப்பு. அதுவும் பாதி வருஷம்தான், தங்கச்சி பிறந்ததும் அம்மா வேலைக்குப் போகணும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், நின்றுவிட்டேன். பஸ் பேர் படிப்பேன், மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பேன், அதற்கு மேல் எழுத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஸ்டெல்லா டீச்சர் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். தப்பாகப் படித்தால் ஸ்கேல் வரியிலிருந்து விரலுக்கு வந்துவிடும். பேப்பரில் ஒரே ஒரு வரி, டைப் அடித்தது. நான் எழுத்துக் கூட்டினேன். எ, ன, து. எனது. சி, று. சிறு. எனது சிறுநீர்கூட. எனக்குச் சொந்த. சொந்தமில். சொந்தமில்லையா. இது என்ன என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. என்னுடைய வார்த்தையைத்தான் குளிப்பாட்டி, தலை சீவி, பேப்பரில் உட்கார வைத்திருக்கிறார்கள். மேடத்துக்கு அந்த வார்த்தையை அடிக்கக் கை வரவில்லை போலிருக்கிறது. திரும்பப் படிங்கம்மா, சேர்த்துப் படிங்க என்றாள். நான் திரும்பவும் ஸ்கேலுக்கு மேலே ஏறினேன். எலி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, பதினோரு வயசுச் சத்தம். நான் ஏமாற்றவில்லை. குரலை மாற்றணும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், மூக்கால் பேசலாமா, இருமலாமா என்று. ஒன்றும் செய்யவில்லை. பேப்பரைக் கொடுத்தார்கள், நான் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டேன். தயாளன் போனைத் தட்டக்கூட இல்லை. இவங்க இல்ல மேடம், இவங்க வாயே தொறக்காத ஆளு என்றார். மேடம் ஒரு டிக் போட்டாள். உட்காருங்கம்மா என்றாள். பெஞ்ச் வரைக்கும் நடந்தேன். தப்பித்துவிட்டேன். முடிந்தது. இனிமேல் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அபிநயாவிடம் சொல்லணும், அந்த போனை அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லணும். வாயே திறக்காத ஆள். ஒன்பது வருஷம் கத்தியிருக்கிறேன். இவர் காதில் ஒரு நாளும் விழவில்லையா.

ரெஜினா பேப்பரை வாங்கினாள். ஒரு தடவை பார்த்தாள், திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தாள். இன்னா மேடம் இது, பாட்டுல இப்படி இல்லியே என்றாள். அதுல என்ன இருக்கோ அதைப் படிங்க என்று தயாளன் சொன்னார். அவளால் முடியாது. எனக்குத் தெரியும், ஒன்பது வருஷமாக எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன், நாலு பேர் பார்க்கும்போது ஒன்றைப் பிசகாகச் செய்ய அவளால் முடியாது. பேப்பரை மேஜையில் வைத்தாள். இடுப்பில் கையை வைத்தாள். மேளம் விழுகிற இடத்தில் நிறுத்தி, நாலாவது தடவையில் மூச்சை விட்டு, என் மூத்திரம்கூட என்னுது இல்லியா என்று அப்படியே, தகரத்தை இழுத்த மாதிரி, அந்த இழுப்பு, அந்தக் கரகரப்பு, கடைசியில் நான் பூண்டை முறத்தில் போட்ட சத்தத்தைக்கூட நாக்கால் டொக்கென்று போட்டாள். வெண்மதி கை தட்டிவிட்டாள். ரெஜினா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. தயாளன் போனைத் தட்டினார், நான் பேசினேன். இன்னொரு தடவை சொல்லு என்றார், ரெஜினா சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. இவங்கதான் மேடம் என்றார். ரெஜினா, நான் பாட்டைக் கேட்டுத்தான் சார் சொல்றேன், ஊரே சொல்லுது என்றாள். பாட்டுல யம்மான்னு ஒரு பொண்ணு கூப்பிடுதே, உங்களுக்குப் பொண்ணு இருக்கா என்று மேடம் கேட்டாள். இருக்கிறாள். எல்லாருக்கும் தெரியும், ரெண்டு மாசம் முன்னால்தான் அவள் மகளை இங்கேயே தோல் வெட்டுகிற கட்டிங்கில் சேர்த்தாள், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு லைன் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். அவளையும் கூப்பிடுங்க என்று தயாளன் சொன்னார். மேடம் டிராயரைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்தாள். அது எனக்குத் தெரிந்த பேப்பர். படிக்காமலே தெரியும்.

இப்போது ரெஜினா சிரிக்கவில்லை. திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். முதல் ஆளைப் பார்த்தாள், வெண்மதியைப் பார்த்தாள், என்னிடம் வந்ததும் கண் நின்றது. அவளுக்குத் தெரியும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிர் மெஷினில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து, தயாளனுடைய நடையையும் மேனேஜருடைய இருமலையும் எடுக்கிறவளுக்கு என் குரல் தெரியாதா. பஸ்ஸில் அந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கும். தங்கமான வாயி. என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். பதினெட்டு நாளாக அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை, என்ன செய்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிவிடுவாள், விரலை நீட்டி இவதான் என்பாள், நான் காத்துக்கொண்டிருந்தேன், சொல்லட்டும், அவளே சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் பொண்ண உட்டுருங்க மேடம், அவ இதுல இல்ல, நான் மட்டும் எழுதிக் குடுக்கிறேன் என்றாள். குரல் கம்மியிருந்தது. அது யாரைப் போலவும் இல்லை, அவளுடையது. மேடம் பேனாவை நீட்டினாள். சும்மா இரு. நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன், சும்மா இரு, டிக் போட்டாயிற்று, கதவு நாலு அடியில் இருக்கிறது, இவள் உன் மகளை வாசலில் நின்று கேலி செய்தவள், உனக்கு இவள் என்ன உறவு, அண்ணனை நினைத்துக்கொள், அந்த இருட்டு ரோட்டை நினைத்துக்கொள், கேஸ்கட், பூண்டு, பல்வலி, பல்வலி. ரெஜினா பேனாவின் மூடியைத் திறந்தாள். எனக்கு அடிவயிறு கனத்துக்கொண்டு வந்தது, பயம் முழுக்க அங்கே போய் முட்டி நின்றது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"பேனாவ வை ரெஜினா" என்றேன். தகரத்தை இழுத்த மாதிரிதான் வந்தது.

தயாளன் பாட்டை நிறுத்தப் போனுக்குக் கையை நீட்டினார். போன் அணைந்துதான் இருந்தது.